சூரிய கொரோனாவின் நிறமாலையைப் படிக்கப்போகும் சோலார்-சி: திருகோணமலை வாசகர்களுக்கான கேள்வி பதில்

சோலார்-சி என்பது என்ன? எப்போது ஏவப்படுகிறது?

ஜப்பானிய விண்வெளி முகவரகமான ஜாக்சா தலைமை தாங்கும் சூரிய ஆய்வுச் செய்மதி இது. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவை ஆராய்வது இதன் வேலை. ஹினோட்டோரி (1981), யோக்கோ (1991), ஹினோடே (2006) ஆகியவற்றுக்கு அடுத்ததாக ஜப்பான் அனுப்பும் சூரியச் செய்மதி. அமெரிக்காவின் நாசாவும் பல ஐரோப்பிய நாடுகளும் கருவிப் பாகங்கள் தருகின்றன. இதில் உள்ள பிரதான கருவியின் பெயர் இயுவிஎஸ்டி. அது அதிபுற ஊதாக் கதிர்களை (மிகக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாவை) அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பதியும் தொலைநோக்கி. அப்படிப் பிரித்த பதிவுதான் நிறமாலை.

கியூஷு தீவின் உச்சினௌராத் தளத்தில் இருந்து எப்சிலன்-எஸ் ரொக்கெட்டில் ஏவுவது திட்டம். முதலில் 2026 என்று குறித்தார்கள். பிறகு 2028க்குத் தள்ளினார்கள். எப்சிலன்-எஸ் ரொக்கெட்டின் இரண்டாம் கட்ட இயந்திரம் 2023 ஜூலையிலும் 2024 நவம்பரிலும் தரைச் சோதனையின்போது வெடித்தது. ஆகவே ஏவும் நாளைச் செய்மதியை விட ரொக்கெட்டே தீர்மானிக்கும். 2028 என்பதை ஓர் இலக்காக மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழகழகான சூரியப் படங்கள் தினமும் வருகின்றனவே. அவை போதாதா?

படம் "எங்கே பிரகாசமாக இருக்கிறது" என்று சொல்லும். அந்தப் பிரகாசம் ஏன் வந்தது என்று சொல்லாது. ஒரு காந்த வளையம் திடீரென ஒளிர்ந்தால் அங்கே வாயு சூடாகியிருக்கலாம், அடர்த்தி கூடியிருக்கலாம், அல்லது பக்கத்தில் இருந்து புதிதாக வாயு பாய்ந்து வந்திருக்கலாம். மூன்றும் படத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். அவற்றைப் பிரித்துச் சொல்வது நிறமாலை. எங்களைக் கேட்டால், கொரோனாப் பௌதிகத்தில் கடைசித் தீர்ப்பை எப்போதும் நிறமாலைதான் எழுதியிருக்கிறது.

ஒரு கோட்டை வைத்து வேகம், வெப்பநிலை, அடர்த்தி எல்லாவற்றையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை என்பதால் விரிவாகச் சொல்கிறோம். நிறமாலையில் ஒரு குறித்த அலைநீளத்தில் மட்டும் பிரகாசமாகத் தெரியும் கீற்றைத்தான் கோடு என்கிறோம். இலத்திரன் இழந்த அணுவான அயன் ஒவ்வொன்றும் தனக்கே உரிய கோடுகளைத் தரும்.

முதலில் வேகம். உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் தொப்ளர் விளைவுதான். வாயு எங்களை நோக்கி வந்தால் கோடு குறைந்த அலைநீளத்துக்கு நகரும், விலகிப் போனால் கூடிய அலைநீளத்துக்கு நகரும். 11 இலத்திரன்களை இழந்த இரும்பு 19.51 நானோமீற்றரில் ஒரு கோடு தருகிறது. வாயு செக்கனுக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் நகர்ந்தால் அந்தக் கோடு எவ்வளவு இடம்பெயரும்? 19.51ஐ 2ஆல் பெருக்கி ஒளியின் வேகமான 3,00,000ஆல் வகுத்தால் 0.00013 நானோமீற்றர். சோலார்-சி அளக்க வேண்டியது இந்த அளவு நுட்பமான நகர்வைத்தான்.

அடுத்து கோட்டின் அகலம். 15 இலட்சம் கெல்வினில் இரும்பு அயன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 21 கிலோமீற்றர் வேகத்தில் தாறுமாறாக ஓடும். அந்த ஓட்டம் கோட்டை அகட்டும். ஆனால் உண்மையில் அளக்கும் அகலம் வெப்பத்தால் வரவேண்டியதை விடக் கூடுதலாகவே இருக்கிறது. அந்த மேலதிக அகலம் அலைகளாலோ, கருவிக்குப் புலப்படாத சிறு சிறு பாய்ச்சல்களாலோ வர வேண்டும். கொரோனாவைச் சூடாக்கும் சக்தி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

எந்த அயனின் கோடு என்பதே வெப்பநிலையைச் சொல்லிவிடும். ஓர் அணு எத்தனை இலத்திரன்களை இழந்திருக்கிறது என்பது சூட்டைப் பொறுத்தது. இரண்டு இலத்திரன் இழந்த காபன் 97.7 நானோமீற்றரில் ஒளிர்கிறது, அது ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த கெல்வின். ஐந்து இழந்த ஒட்சிசன் 103.2இல், ஏறத்தாழ 3 இலட்சம். எட்டு இழந்த இரும்பு 17.1இல், 7 அல்லது 8 இலட்சம். பதினேழு இழந்த இரும்பு 97.5இல், ஏறத்தாழ 70 இலட்சம். இருபத்துமூன்று இழந்த இரும்பு 19.2இல், அது பெரிய சூரியச் சுவாலைகளின்போது மட்டும் வரும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சூடு.

அடர்த்திக்கு ஒரே அயனின் இரண்டு கோடுகளை ஒப்பிட வேண்டும். 11 இலத்திரன் இழந்த அதே இரும்புக்கு 18.69இலும் ஒரு கோடு உண்டு. அடர்த்தி கூடும்போது 18.69 கோடு 19.51 கோட்டை விட வேகமாகப் பிரகாசமாகும். இரண்டின் விகிதத்தைக் கணித்தால் ஒரு கன சென்றிமீற்றரில் எத்தனை இலத்திரன் என்று சொல்லிவிடலாம். இரண்டு கோடுகளும் ஒரே அயனில் இருந்து வருவதால் வெப்பநிலை, இரும்பின் அளவு ஆகிய சந்தேகங்கள் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகும். இந்த முறையின் பலம் அதுதான்.

கொரோனா சூடாக இருப்பதில் அப்படி என்ன புதிர்?

சூரியனின் ஒளிரும் மேற்பரப்பு ஏறத்தாழ 5,770 கெல்வின். அதற்கு மேலே, வெப்ப மூலத்தை விட்டு விலகிப் போகப் போகச் சூடு குறைய வேண்டும். ஆனால் கொரோனா 10 முதல் 20 இலட்சம் கெல்வினில் இருக்கிறது. 1869இல் கிரகணத்தின்போது 530.3 நானோமீற்றரில் ஒரு பச்சைக் கோடு கண்டார்கள். தெரிந்த எந்த மூலகத்துடனும் அது பொருந்தவில்லை. "கொரோனியம்" என்ற புது மூலகம் என்று எழுபது ஆண்டுகள் நம்பினார்கள். ஜேர்மனியின் குரோட்ரியானும் சுவீடனின் எட்லெனும் 1939 முதல் 1940களின் தொடக்கம் வரை செய்த வேலைதான் அது 13 இலத்திரன் இழந்த சாதாரண இரும்பு என்று காட்டியது. அப்போதுதான் அத்தனை இலட்சம் கெல்வின் சூடு இருப்பதும் உறுதியானது.

சூடாக்குவது எது என்பதில் இரண்டு பெரிய விடைகள் உண்டு. மேற்பரப்பின் கொதிப்பில் காந்தப் புலக்கோடுகள் அதிர்ந்து அலைகள் மேலே போய் சிதைகின்றன என்பது ஒன்று. சுவீடன் பௌதிகவியலாளர் அல்வேன் 1942இல் முன்வைத்த காந்த அலைகள் இதன் அடி. புலக்கோடுகள் பின்னிப் பிணைந்து, அறுந்து, மீண்டும் இணையும்போது எண்ணற்ற நுண்சுவாலைகள் வெடிக்கின்றன என்பது மற்றது. 1988இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் பார்க்கர் இதை வலுவாக எடுத்துரைத்தார்.

சோலார்-சி இவற்றை எப்படிப் பிரிக்கும்? நுண்சுவாலை உண்மையானால் வாயு ஒரு கணம் 70 இலட்சம், ஒரு கோடி கெல்வின் வரை ஏறி உடனே ஆறும். மிக மங்கலான சூட்டுக் கோடுகள் தெரிய வேண்டும், கூடவே அறுந்த இடத்தில் இருந்து இரு பக்கமும் பாயும் வேகமும் தெரிய வேண்டும். அலைகள் என்றால் கோட்டின் அகலமும் நகர்வும் குளிர்ந்த அடுக்கில் இருந்து சூடான அடுக்குக்கு ஒழுங்காக ஏறிச் செல்வதைப் பின்தொடர முடிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடத்தை, ஒரே நேரத்தில், பத்தாயிரம் கெல்வின் முதல் ஒரு கோடிக்கு மேல் வரை இடைவெளி இல்லாமல் பார்க்கும் கருவி வேண்டும். இதுவரை ஹினோடே சூடான பகுதியைப் பார்த்தது. நாசா 2013இல் ஏவிய ஐரிஸ் பெரும்பாலும் குளிர்ந்த பகுதியைப் பார்த்தது. இடையில் உள்ள வெப்பநிலைகளில்தான் ஆட்டம் நடக்கிறது, அதுதான் விடுபட்டுப் போனது.

இதைத் தரையில் இருந்தே பார்க்க முடியாதா?

முடியாது. இந்த அலைநீளங்களை வளிமண்டலத்தில் உள்ள ஒட்சிசனும் நைதரசனும் முழுக்க விழுங்கிவிடும். எந்த மலை உச்சிக்குப் போனாலும் பயனில்லை. ஆகவே சோலார்-சி 600 கிலோமீற்றருக்கு மேலே, துருவங்களைக் கடந்து, பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டிச் சுற்றும். அந்தப் பாதையில் ஆண்டின் பெரும்பகுதி பூமியின் நிழல் குறுக்கிடாது.

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தைத் திருகோணமலையில் பார்த்தோமே. அப்போது ஏன் கொரோனா தெரியவில்லை?

நிலா சூரியனை முழுக்க மூடவில்லை என்பதால். கொரோனாவின் வெளிச்சம் சூரியத் தட்டின் வெளிச்சத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. சுற்றிவர மெல்லிய வளையம் மிஞ்சினாலே அது கொரோனாவை அடித்துவிடும். முழுக் கிரகணத்தில் மட்டும்தான் வெறும் கண்ணுக்குத் தெரியும்.

2027 ஆகஸ்ட் 2 முழுக் கிரகணம் ஸ்பெயின், வட ஆபிரிக்கா, சவூதி அரேபியா வழியாகப் போகிறது. எகிப்தின் லக்சோரில் ஆறு நிமிடத்துக்கு மேல் இருள் நிற்கும். இலங்கைக்கு அது பகுதிக் கிரகணமாகவே அமையும், ஆகவே இங்கிருந்து கொரோனா தெரியாது. பார்ப்பதானால் ஐஎஸ்ஓ 12312-2 முத்திரை உள்ள கிரகணக் கண்ணாடி அல்லது 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி மட்டும் பாவியுங்கள். பழைய எக்ஸ்-கதிர்ப் படலம், சீடி, கறுப்புக் கண்ணாடி மூன்றும் கண்ணைக் கெடுக்கும்.

கொரோனா நிறமாலைக்கும் திருகோணமலைக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, பலருக்குத் தெரியாத உண்மை. 1871 டிசம்பர் 12 காலையில் நிகழ்ந்த முழுக் கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்தது. பிரித்தானிய அரசு அனுப்பிய கிரகணக் குழுவில் ஹென்றி நொட்டிட்ஜ் மோஸ்லி என்ற இளம் இயற்கையியலாளர் இருந்தார். அவருக்குக் கிடைத்த இடம் திருகோணமலை. இங்கே நின்று அவர் நிறமாலைமானியால் அவதானித்தார். இன்று சோலார்-சி செய்யப்போவதன் மூதாதை வேலை எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது.

அதே காலையில் நீலகிரியில் நின்ற பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் கொரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகளையும் கண்டார். கொரோனாவின் வெளிச்சத்தில் ஒரு பகுதி தெறித்து வரும் சூரிய ஒளி என்பது அதனால் விளங்கியது. மோஸ்லி அடுத்த ஆண்டே சலஞ்சர் கப்பலில் உலகக் கடலாய்வுக்குப் புறப்பட்டுவிட்டார். அவருடைய மகனின் பெயரும் ஹென்றி மோஸ்லிதான். 1913இல் மூலகங்களின் எக்ஸ்-கதிர் நிறமாலையை அளந்து அணுவெண்ணுக்குப் பௌதிகப் பொருள் தந்தவர் அவர். 1915இல் கலிப்போலிப் போரில் இறந்தார்.

கருவிக்குள் என்னென்ன இருக்கிறது?

ஒளி செல்லும் வழியிலேயே போவோம். முதலில் 28 சென்றிமீற்றர் விட்டமுள்ள முதன்மை ஆடி. வில்லை கிடையாது, ஏனெனில் கண்ணாடி இந்தக் கதிர்களைக் கடத்தாது. ஆடி சூரியப் பிம்பத்தை ஒரு மெல்லிய பிளவின்மேல் குவிக்கும். பிளவுக்குள் நுழைந்த ஒளி, மிக நெருக்கமாகக் கோடுகள் கீறிய குழிந்த தகடான கிரேற்றிங்கில் பட்டு அலைநீளவாரியாக விரிந்து உணரிகளில் விழும். 17 முதல் 21.5 நானோமீற்றர் வரை ஒரு பட்டை. 46 முதல் 122 நானோமீற்றரை அண்டிய நெடிய அலைநீளங்களில் மேலும் சில பட்டைகள்.

பிளவுக்குள் நுழையாமல் ஓரத்தில் படும் ஒளியும் வீணாவதில்லை. அது தனிக் கமராவுக்குப் போய், பிளவு சூரியனில் எந்த இடத்தின் மேல் நிற்கிறது என்று காட்டும். இது இல்லாவிட்டால் அளந்த வேகம் எந்த வளையத்துக்குரியது என்று தெரியாமல் தடுமாற வேண்டிவரும். இவற்றோடு சுவிற்சர்லாந்து தரும் சிறு கருவி ஒன்று சூரியனின் மொத்தப் புற ஊதா வெளிச்சத்தைத் தொடர்ந்து அளக்கும்.

ஆணிகள் எத்தனை, திருகுகள் எத்தனை என்பதை விட்டுவிடுவோம். முக்கியமானது ஒன்று: ஆடிகளின் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். அதிபுற ஊதாவில் ஒவ்வொரு தெறிப்பிலும் பெருமளவு ஒளி இழக்கப்படுகிறது. ஓர் ஆடி, ஒரு கிரேற்றிங், பிறகு நேராக உணரி என்ற எளிமையால்தான் முன்னைய கருவிகளை விடப் பல மடங்கு ஒளியைச் சேர்க்க முடிகிறது. நல்ல வடிவமைப்பு என்று நாங்கள் மதிப்பது இதைத்தான்.

சோலார்-சியின் 0.4 விகலைத் துல்லியம் என்றால் எவ்வளவு?

ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு விகலை. கோணேசர் கோயில் மலையில் நின்று ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தள்ளி நிலாவெளிக் கடற்கரையில் வைத்திருக்கும் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் அது அடைக்கும் கோணம் 0.4 விகலை. சூரியனில் அது 290 கிலோமீற்றர். ஹினோடேயின் நிறமாலைமானிக்கு இது 2 முதல் 3 விகலையாக இருந்தது.

எங்கெங்கே பிழைக்க வாய்ப்பிருக்கிறது?

எங்கள் கணிப்பில் மிகப் பெரிய எதிரி அழுக்கு. பசை, வயர் உறை, வண்ணப்பூச்சு எல்லாவற்றில் இருந்தும் வெற்றிடத்தில் காபன் சேர்மங்கள் ஆவியாகி வெளியேறும். அவை ஆடியில் படியும்போது சூரியனின் புற ஊதா அவற்றைச் சுட்டு, கழுவ முடியாத படலமாக ஒட்டிவிடும். சில நானோமீற்றர் தடிப்பே உணர்திறனை மெல்ல மெல்லத் தின்னப் போதும். அதனால்தான் பாகங்களைப் பூட்டுவதற்கு முன்பே வெற்றிட அறையில் நாட்கணக்காகச் சூடாக்கி ஆவிகளை வெளியேற்றுகிறார்கள். பூட்டிய பிறகு ஏவும் நாள் வரை உலர் நைதரசனை ஓடவிடுகிறார்கள். எத்தனை கவனித்தாலும் உணர்திறன் ஆண்டுதோறும் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று தெரிந்து திருத்துவதுதான் சாமர்த்தியம்.

இரண்டாவது சூடு. பூமியருகே ஒரு சதுர மீற்றருக்கு 1,361 வாற்று சூரிய சக்தி விழுகிறது. 28 சென்றிமீற்றர் ஆடிக்கு அது 84 வாற்று. விண்வெளியில் காற்று இல்லை, ஆகவே இந்தச் சூட்டை உலோகப் பட்டிகளால் கடத்திக் கதிர்வீசித்தான் போக்க வேண்டும். ஆடி நெளிந்தால் குவியம் கெடும்.

மூன்றாவது ஆட்டம். செய்மதிக்குள் சுழலும் சக்கரங்கள் எப்போதும் சிறிது அதிரும். அதை ஈடுசெய்ய ஆடியையே நுணுக்கமாகச் சாய்த்துப் பிம்பத்தை அசையாமல் பிடிக்கிறார்கள்.

நான்காவது கருவியின் இயல்பிலேயே உள்ள குறை. பிளவு ஒரு கோட்டை மட்டும் பார்க்கிறது. பரப்பைப் பார்க்க அதைப் படிப்படியாக நகர்த்த வேண்டும். 100 விகலை அகலத்தை 0.4 விகலைப் படிகளில் கடக்க 250 படிகள். ஒவ்வொன்றிலும் 5 செக்கன் நின்றால் 1,250 செக்கன், அதாவது ஏறத்தாழ 21 நிமிடம். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் இருபது நிமிட வித்தியாசத்தில் எடுத்தவை! இதற்கிடையில் ஒரு நுண்சுவாலை வந்து போய்விடும். ஒளி அதிகம் சேர்த்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு செக்கன் போதும், மொத்தம் நான்கு நிமிடத்தில் முடித்துவிடலாம். சோலார்-சியின் உணர்திறனுக்கு இத்தனை முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் இது.

இந்தியாவின் ஆதித்யா-எல்1 ஏற்கெனவே இருக்கிறதே? நாசாவின் மியூஸ் என்பதும் இதுதானா?

மூன்றும் வெவ்வேறு. 2023 செப்டெம்பர் 2 ஏவப்பட்டு 2024 ஜனவரி 6 இலக்கை அடைந்த ஆதித்யா-எல்1 பூமியில் இருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிறது. அதன் திட்டப் பணிப்பாளராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் சாஜி. அதிலுள்ள விஈஎல்சி கருவி சூரியத் தட்டை மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கி, விளிம்புக்கு வெளியே 530.3 பச்சைக் கோடு உட்பட மூன்று கோடுகளைப் பார்க்கிறது. சோலார்-சி தட்டை மறைக்கத் தேவையில்லை. 5,770 கெல்வின் மேற்பரப்பு அதிபுற ஊதாவில் ஏறக்குறைய இருட்டு, ஆகவே தட்டின் முன்னாலேயே கொரோனா தெரியும்.

2027இல் ஏவ இலக்கு வைத்திருக்கும் மியூஸ் முப்பதுக்கு மேற்பட்ட பிளவுகளை ஒரேயடியாகப் பாவிக்கிறது. ஆனால் சில கோடுகள் மட்டும். சோலார்-சிக்கு ஒரு பிளவு, கோடுகளோ ஏராளம். ஒன்று பரப்பையும் வேகத்தையும் தருகிறது, மற்றது வெப்பநிலை ஆழத்தைத் தருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தால் பலன் இரட்டிப்பாகும்.

சூரியப் புயலை முன்கூட்டி அறிவிக்குமா? கடலுக்குப் போகிறவர்களுக்குப் பயன் உண்டா?

எச்சரிக்கைச் செய்மதி அல்ல. தரவு உடனுக்குடன் வராது, சூரியனின் ஒரு சிறு பகுதியைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கும். சுவாலை ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில் வெடிக்கிறது என்று விளங்கினால்தான் நாளைய எச்சரிக்கை முறைகள் திருந்தும். பயன் அந்த வழியில்தான் வரும்.

ஆயினும் விஷயம் எங்களுக்குத் தூரமானதல்ல. பெரிய சுவாலை ஒன்று பகலில் வெடித்தால், பலநாள் படகுகள் நம்பியிருக்கும் உயர் அதிர்வெண் வானொலி சில நிமிடம் தொடக்கம் ஓரிரு மணி நேரம் வரை செத்துப் போகும். சுவாலையின் எக்ஸ்-கதிர் அயன்மண்டலத்தின் கீழடுக்கை மாற்றி வானொலி அலையை விழுங்கச் செய்வதே காரணம். இலங்கை காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டி, பொழுதுபட்ட பிறகு ஜிபிஎஸ் சமிக்ஞை துடிப்பதும் உண்டு. வானொலி பகலில் திடீரென்று ஊமையானால் கருவியைக் கழற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு நிறமாலைமானி செய்து பார்க்க முடியுமா?

கட்டாயம் முடியும். கொரோனா தெரியாது, ஆனால் சூரிய ஒளியில் உள்ள கருங்கோடுகள் தெரியும்.

எழுதாத டீவீடி-ஆர் ஒன்றின் விளிம்பில் பிளேட்டைச் செருகி இரண்டு தகடுகளாகப் பிரியுங்கள். ஊதா நிறச் சாயம் உள்ள தெளிவான தகட்டைச் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டால் கழுவினால் சாயம் போய்விடும். வெளி ஓரத்தில் இருந்து 2 சென்றிமீற்றர்ச் சதுரம் வெட்டுங்கள். அதில் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1,350 வரிகள் உண்டு. அதுவே உங்கள் கிரேற்றிங்.

25 சென்றிமீற்றர் நீளமுள்ள மட்டைப் பெட்டியின் ஒரு முனையில் இரண்டு பிளேட்டுகளை எதிரெதிரே ஒட்டிப் பிளவு செய்யுங்கள். இடைவெளிக்கு ஒரு ஏ4 தாளை நடுவில் செருகி ஒட்டிவிட்டுத் தாளை உருவி எடுங்கள். தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். மறுமுனையில் டீவீடித் துண்டை அதன் வரிகள் பிளவுக்குச் சமாந்தரமாக இருக்கும்படி ஒட்டுங்கள். கைபேசிக் கமராவைத் துண்டுக்கு மிக அருகில், பெட்டியின் நேர்கோட்டில் இருந்து ஏறத்தாழ 50 பாகை சரித்து வையுங்கள். மஞ்சள் 53 பாகையிலும் 486 நானோமீற்றர் நீலம் 41 பாகையிலும் விழும். உள்ளே கறுப்புத் தாள் ஒட்ட மறக்க வேண்டாம்.

சூரியனை நேரே குறிவைக்க வேண்டாம். வெயிலில் வைத்த வெள்ளைத் தாளை நோக்குங்கள். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் முகில் குறைவு, அதுவே நல்ல காலம். 486.1, 517 அண்டை, 589, 656.3 ஆகிய இடங்களில் கருங்கோடுகள் தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால் காரணம் அநேகமாகப் பிளவுதான். 0.1 மில்லிமீற்றரில் இந்த அமைப்பு ஏறத்தாழ 0.3 நானோமீற்றர் வரை பிரிக்க வல்லது. பிளவு 0.3 மில்லிமீற்றர் ஆனால் அது ஏறத்தாழ 0.9 நானோமீற்றர் ஆகிவிடும், 589.0, 589.6 என்ற சோடியம் இரட்டைக் கோடு ஒன்றாகிவிடும். கோடுகள் சாய்ந்து மங்கினால் வரிகள் பிளவுக்குச் சமாந்தரமாக இல்லை. எல்லாம் வெளுத்துப் போனால் கைபேசியின் தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திக் கையால் குறையுங்கள். அலைநீள அளவீட்டுக்குப் பழைய சீஎஃப்எல் மின்குமிழைப் பாருங்கள். அதன் 435.8, 546.1 பாதரசக் கோடுகளும் 611 சிவப்புக் கோடும் மூன்று நிலைப்புள்ளிகள் தரும். டீவீடியில் அளவு நேர்கோடாக நகராது, ஆகவே இரண்டு புள்ளிகளோடு நிறுத்தாதீர்கள்.

சோலார்-சி வரும்வரை மாணவர்கள் என்ன செய்யலாம்?

ஹினோடே, ஐரிஸ் இரண்டின் தரவும் இலவசம். பைதான் மொழி தெரிந்தால் போதும். சன்பை, ஈஐஎஸ்பாக் என்ற இரண்டு தொகுதிகளை நிறுவி, சூரியனில் காந்தப் புலம் செறிந்த ஒரு செயற்படு பகுதியை ஹினோடே வருடிய தரவை இறக்கி, 19.51 கோட்டுக்கு மணிவடிவ வளைகோடு பொருத்திப் பாருங்கள். பிறகு கியாண்டி என்ற அணுத்தரவுத் தொகுப்பால் அடர்த்தியைக் கணியுங்கள்.

தொடக்கத்தில் எல்லோரும் விழும் மூன்று குழிகள்: 19.51 கோட்டின் பக்கத்திலேயே 19.52இல் அதே அயனின் சிறு கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒற்றை வளைகோடு பொருத்தினால் அடர்த்தியான இடங்களில் அகலம் பொய்யாகக் கூடும், இரண்டு கூறுகள் பொருத்த வேண்டும். அடுத்து, ஹினோடே ஒரு சுற்றுச் சுற்றும் ஏறத்தாழ 98 நிமிடத்தில் கருவி சூடாகி ஆறுவதால் நிறமாலை முழுவதுமே இப்படியும் அப்படியும் நகரும். திருத்தாமல் விட்டால் அது வாயுவின் வேகம் போலத் தோன்றும். கடைசியாக, அந்தக் கருவிக்குள் ஒப்பிடும் விளக்கு இல்லை. "பூச்சிய வேகம்" எது என்பதை அமைதியான பகுதியின் சராசரியில் இருந்து நாமே ஊகிக்கிறோம். செக்கனுக்கு ஓரிரு கிலோமீற்றர் வேகங்களை வைத்துப் பெரிய முடிவு எடுக்காதீர்கள். குளிர்ந்த அடுக்கின் கோடுகளும் சேர்ந்து பதிவாகும் சோலார்-சியில் இந்தச் சிக்கல் பெருமளவு தளரும்.

இதற்கு எந்தப் பாடப்பிரிவு எடுக்க வேண்டும்?

உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும். அதன் பிறகு பௌதிகம், கணிதம், கணினி விஞ்ஞானம் எதில் பட்டம் எடுத்தாலும் வழி உண்டு. மேலே சொன்ன தரவைப் பட்டம் கிடைக்கும் வரை காத்திராமல் பன்னிரண்டாம் ஆண்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். மடிகணினியும் சில நூறு மெகாபைட் இணையமும் இருந்தால் போதும்.